பட்டாளத்தாருக்குப் பூனை தேடித் தரும் அமைப்பு இருக்கிறது, தெரியுமா?

அமெரிக்காவில் ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. அதன் வேலை என்ன தெரியுமா? ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கு நாயும் பூனையும் பார்த்துக் கொடுப்பது! பெயர் ‘பெட்ஸ் ஃபார் பேட்ரியட்ஸ்’. நியூயார்க் மாநிலத்தின் கடலோர ஊரான லாங் பீச்சிலிருந்து இயங்குகிறது. 2009-இல் இதைத் தொடங்கியவர் பெத் ஜிம்மர்மேன் என்ற பெண்மணி.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கொழுகொழு குட்டி என்றால் யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர்கள் தேடிப் பிடிப்பதோ, காப்பகத்தில் யாருமே சீண்டாதவற்றை! 2 வயது தாண்டிய நாய்கள், பூனைகள். 18 கிலோவுக்கு மேல் கனக்கும் பெரிய நாய்கள். உடம்பில் ஏதாவது குறையுள்ளவை. கிட்டத்தட்டக் கல்யாணத் தரகர் வேலைதான், அதுவும் தட்டிக்கொண்டே போகும் வரன்களுக்கு மட்டும்!

ஏன் இந்த வீம்பு? இந்தக் கணக்கைப் பாருங்கள்!

அமெரிக்கக் காப்பகங்களுக்கு ஓர் ஆண்டில் எத்தனை நாய் பூனைகள் வந்து சேர்ந்தன தெரியுமா? சுமார் 63 லட்சம்! விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான ஏ.எஸ்.பி.சி.ஏ.வின் 2019-ஆம் ஆண்டு மதிப்பீடு இது. அவற்றில் 41 லட்சத்துக்குப் புது வீடு கிடைத்தது. 9 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் கிடைத்தது மரண ஊசி! நாள் கணக்கில் பார்த்தால் தினமும் 2,500 உயிர்கள்! இதுவே பெரிய முன்னேற்றமாம். 2011-இல் அந்த எண்ணிக்கை 26 லட்சம்!

தத்துக் கொடுப்பது ஒருநாள் வேலை. அப்புறம்? தடுப்பூசி, தீவனம், பல்வலி, வயிற்றுப்போக்கு என்று பத்துப் பதினைந்து வருடச் செலவு காத்திருக்கிறதே! இங்கேதான் இந்த அமைப்பின் கெட்டிக்காரத்தனம். கூட்டாளிக் காப்பகங்கள் தத்துக் கட்டணத்தைக் குறைக்கின்றன. கூட்டாளிக் கால்நடை மருத்துவர்கள் குறைந்தது 10 சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள். முதல் தடவை மட்டுமல்ல, போகும்போதெல்லாம்! கேட்க அவ்வளவு பரபரப்பாக இல்லைதான். ஆனால் இந்தக் கட்டுரையிலேயே உருப்படியான தகவல் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

‘அரசாங்கம் கொடுக்காதா?’ என்று கேட்கிறீர்களா? கொடுக்கிறது, ஆனால் எல்லாருக்கும் அல்ல! முன்னாள் படைவீரர் துறை, முறையாகப் பயிற்சி பெற்ற உதவி நாய்களுக்கு மருத்துவக் காப்பீடு தருகிறது. மடியில் சுருண்டு தூங்குவதைத் தவிர வேறொன்றும் தெரியாத கிழட்டுப் பூனைக்கு? ஒரு சென்ட்கூடக் கிடையாது!

அதே 2009-இல் இன்னொரு கூத்தும் நடந்தது! கிளாரிசா பிளாக் என்ற விலங்குப் பயிற்சியாளர், முன்னாள் வீரர்களின் மருத்துவமனைக்குத் தன் நாயையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்தவர்களுக்கு நாயை விடவே மனமில்லை! விளைவு? ‘பெட்ஸ் ஃபார் வெட்ஸ்’ பிறந்தது. இங்கே பயிற்சியாளர் முதலில் வீரரிடம் உட்கார்ந்து பேசுவார். எப்படிப்பட்ட வீடு, என்ன பழக்கம், எந்தச் சத்தம் ஆகாது என்றெல்லாம் விசாரிப்பார். பிறகு காப்பகங்களில் அலைந்து, அவருக்கென்றே ஒரு நாயைத் தேர்ந்தெடுத்துப் பழக்கிக் கொடுப்பார். சக்கர நாற்காலியைக் கண்டு மிரளாமல் இருப்பதுகூட ஒரு பாடம்!

கடையில் வரிசையில் நிற்கும்போது முதுகுப் பக்கம் யாராவது வந்தால் உங்களுக்குப் பதறுமா? போர்முனையிலிருந்து திரும்பிய பலருக்குப் பதறும்! அதற்கும் நாய் உண்டு! எஜமானுக்குப் பின்புறம் நின்று, அவர் பார்க்க முடியாத திசையை அது பார்த்துக்கொள்ளும். ராத்திரி கெட்ட கனவில் அவர் புரண்டால், மூக்கால் இடித்து எழுப்பிவிடும்!

இப்படிப் பயிற்சி கொடுக்கும் ‘கே நைன்ஸ் ஃபார் வாரியர்ஸ்’ புளோரிடாவில் 2011-இல் ஆரம்பமானது. ஆரம்பித்தவர் ஒரு தாய், ஷாரி டுவால். மகன் ஈராக்கிலிருந்து மனக்காயத்தோடு திரும்பியதைப் பார்த்துக் களத்தில் இறங்கினார். இவர்களுடைய நாய்களில் பெரும்பாலானவை எங்கிருந்து வருகின்றன தெரியுமா? சாட்சாத் காப்பகங்களிலிருந்தேதான்!

பலன் உண்டா? 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் 156 முன்னாள் வீரர்கள் கலந்துகொண்டார்கள். 81 பேருக்கு நாய் கிடைத்தது. மீதி 75 பேர் வழக்கமான சிகிச்சையோடு காத்திருந்தார்கள். மூன்றே மாதம்! நாய் கிடைத்தவர்களுக்கு பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப்பாதிப்பு நீடிக்கும் வாய்ப்பு 66 சதவீதம் குறைவாக இருந்தது! (சும்மா ஒரு எச்சரிக்கை: அவர்கள் மருத்துவரை விட்டுவிட்டு நாயைப் பிடித்துக்கொள்ளவில்லை!)

உங்கள் நாய் உங்களையே உற்றுப் பார்க்கிறதா? விடாதீர்கள், நீங்களும் பாருங்கள்! பாச ஹார்மோன் என்று பேர் வாங்கிய ஆக்சிடோசின், அப்படி நெடுநேரம் பார்த்துக்கொண்ட ஜோடிகளில் நாய்க்கு 130 சதவீதமும் மனிதருக்கு 300 சதவீதமும் ஏறியதாக 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள்!

வீரர்களைத் தேற்ற விலங்குகளைத் துணைக்கு அழைப்பது இந்தக் காலத்துப் பழக்கம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்!

1940-களில் நியூயார்க் மாநிலத்தின் பாலிங் என்ற ஊரில், விமானப்படையினர் உடல் தேறுவதற்கென ஓர் இல்லம் இருந்தது. அங்கே சிகிச்சை என்ன தெரியுமா? ஆடு மாடு கோழி பராமரிப்பு! அது போதாதென்று தவளை தாண்டும் போட்டி, ஆமை ஓட்டப் பந்தயம்!

‘ஸ்மோக்கி’யைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எடை 2 கிலோகூட இல்லாத யார்க்‌ஷயர் டெரியர்! 1944-இல் நியூ கினி காட்டில், கைவிடப்பட்ட பதுங்குகுழிக்குள் கிடந்தது. பில் வின் என்ற அமெரிக்க வீரர் 2 ஆஸ்திரேலியப் பவுண்டு கொடுத்து வாங்கினார். பிலிப்பைன்ஸில் ஒரு விமான ஓடுதளத்துக்கு அடியில் 70 அடி நீளம், 8 அங்குல அகலமுள்ள குழாய் வழியாகத் தொலைபேசிக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. மனிதன் நுழைய முடியுமா? ஸ்மோக்கி கழுத்துப் பட்டையில் கம்பியைக் கட்டிக்கொண்டு புகுந்து, மறுமுனையில் வந்து நின்றது! காயம்பட்டவர்களின் வார்டுகளில் கட்டிலுக்குக் கட்டில் போய்ச் சிரிக்க வைத்ததும் அதே குட்டிதான். போர் முடிந்து அமெரிக்காவுக்கு எப்படி வந்தது? ஆக்சிஜன் முகமூடி வைக்கும் பைக்குள் ஒளிந்துகொண்டு!

முதல் உலகப் போரின் ‘ஸ்டபி’ இன்னும் கில்லாடி! 1917-இல் யேல் பல்கலைக்கழக வளாகத்தில் திரிந்த தெருநாய். கப்பலில் திருட்டுத்தனமாக ஏறிப் பிரான்ஸ் போய், 17 சண்டைகளைப் பார்த்தது! திரும்பி வந்ததும் மூன்று ஜனாதிபதிகளைச் சந்தித்தது! இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘டார்கெட்’ ஆப்கானிஸ்தானத்துத் தெருநாய். 2010-இல் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்துக்குள் நுழையப் பார்த்த மனித வெடிகுண்டை, டார்கெட்டும் கூட்டாளி நாய்கள் இரண்டும் குரைத்துக் கடித்து வாசலிலேயே மறித்தன. அவன் அங்கேயே வெடித்துச் செத்தான். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்! டார்கெட்டை அரிசோனாவுக்குக் கொண்டுவந்து ஒரு வீரர் வளர்த்தார். அதே ஆண்டு நவம்பரில் அது வீட்டிலிருந்து ஓடிப்போய்க் காப்பகத்தில் சிக்கியது. உரிமையாளர் கூட்டிப்போக வருவதற்குள், ஊழியர் ஒருவர் வேறு நாய் என்று நினைத்து மரண ஊசி போட்டுவிட்டார். தோலுக்கடியில் அடையாளம் காட்டும் அரிசிமணி அளவு மைக்ரோசிப் ஒன்று இருந்திருந்தால்?

வியட்நாம் கணக்கு அதைவிட மோசம். அமெரிக்கப் படையோடு போன நாய்கள் சுமார் 4,000. திரும்பியவை? ஏறக்குறைய 200! மற்றவை அங்கேயே செத்தன, கைமாற்றப்பட்டன, அல்லது ‘உபரித் தளவாடம்’ என்று கொல்லப்பட்டன!

ஓய்வுபெற்ற ராணுவ நாயைத் தத்தெடுக்க அமெரிக்காவில் எப்போது சட்டம் வந்தது தெரியுமா? 2000 நவம்பரில்! அப்போதைய ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்டார். ‘ராபி சட்டம்’ என்று பெயர். பெயர் கொடுத்த ராணுவ நாய் ராபிக்கு அதனால் வீடு கிடைத்ததா? இல்லை! நோய் முற்றி, 2001 ஜனவரியிலேயே அது போய்ச் சேர்ந்தது.

2021 ஆகஸ்டில் இன்னொரு சட்டம். இதில் தலைகீழ் வைத்தியம்! பி.டி.எஸ்.டி. உள்ள முன்னாள் வீரருக்குப் பழக்கிய நாயைக் கொடுப்பதற்குப் பதில், நாய்க்குப் பயிற்சி கொடுக்கும் வேலையையே சிகிச்சையாகக் கொடுக்க வழி செய்தது! ஐந்து மருத்துவமனைகளில் ஐந்து ஆண்டு வெள்ளோட்டம்.

கடைசியாக டெக்சாஸ் போவோமா? சான் அன்டோனியோவில் உள்ள லாக்லாண்ட் விமானப்படைத் தளத்தில்தான் அமெரிக்க ராணுவ நாய்கள் பயிற்சி பெறுகின்றன. அங்கேயே பிறந்த குட்டிகளைப் பெயரை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தை இரண்டு தடவை போடுவார்கள்! வெடிச் சத்தத்துக்குப் பயப்படுவது, பந்தைத் துரத்தாமல் சோம்பிப் படுப்பது என்று தேர்வில் கோட்டை விடும் குட்டிகளும் உண்டு. அவற்றின் கதி? பொதுமக்கள் விண்ணப்பித்துத் தத்தெடுத்துக்கொள்ளலாம்!