மாநகராட்சி அச்சடிக்கும் மடல்: யார் காசு, யாருக்கான செய்தி?

ஒரு மாநகராட்சி தன் ஊர்க்காரர்களுக்கென்று வரிப்பணத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் இதழைத்தான் குடிமக்கள் செய்திமடல் என்கிறோம். அதற்குச் சந்தா கிடையாது, கடையிலும் விற்க மாட்டார்கள். விலை போடாததால் அது இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம். கட்டட வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அதற்கான காசை முன்பே கொடுத்தாயிற்று. ஆகவே அதில் என்ன வர வேண்டும், என்ன வரக் கூடாது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு.

இந்தியாவில் இதற்கு அருமையான முன்னோடி கல்கத்தா. 1924-இல் அங்கே சித்தரஞ்சன் தாஸ் மேயர். சுபாஷ் சந்திர போஸ் மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரி. அந்த ஆண்டு நவம்பரில் ‘கல்கத்தா முனிசிபல் கெஜட்’ என்ற வார இதழை மாநகராட்சியே தொடங்கியது. அமல் ஹோம் அதன் ஆசிரியர். 1941-இல் தாகூர் மறைந்தபோது அவர் நினைவாக அது வெளியிட்ட சிறப்பிதழை இன்றும் ஆய்வாளர்கள் தேடிப் படிக்கிறார்கள். ஒரு நகராட்சி இதழ் இவ்வளவு உயரத்துக்கு வர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

திருவனந்தபுரத்துக்கு வருவோம். 1920-இல் நகராட்சியாகி, 1940-இல் மாநகராட்சியான ஊர். இன்று 101 வார்டுகள். கேரள மாநிலத்தின் தலைநகரம் என்பதால் மாநில மக்கள் தொடர்புத் துறையின் ‘ஜனபதம்’ மலையாள இதழும் ‘கேரளா காலிங்’ ஆங்கில இதழும் இங்கிருந்தே வெளியாகின்றன. ஆனால் மாநில அரசின் இதழ் வேறு, நகரத்தின் மடல் வேறு. நகரின் கரமனைப் பகுதியில் இருப்பவருக்குத் தன் தெரு ஓடை எப்போது தூர்வாரப்படும், வார்டு சபை எந்த நாள், எந்த இடத்தில் கூடும் என்று தெரிய வேண்டும். மாநிலம் முழுவதற்குமான இதழ் அதைச் சொல்ல இயலாது.

இப்படிப்பட்ட செய்தி ஒரு நகரத்துக்கு எவ்வளவு அவசியம் என்பதை இந்த ஊர் குப்பை விஷயத்தில் கற்றுக்கொண்டது. 2000-ஆம் ஆண்டு முதல் நகரத்துக் குப்பை விளப்பில்சாலை என்ற ஊரிலிருந்த குப்பை ஆலைக்குப் போயிற்று. அந்த ஊர் மக்கள் நாற்றத்தையும் கெட்டுப்போன நீரையும் ஆண்டுக்கணக்கில் தாங்கி, பிறகு போராடினார்கள். 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. அதற்குப் பின் குப்பையை ஓரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டும் வழி இல்லை. சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்க வாளிகள், தெருவுக்குப் பொதுவாகக் காற்றோட்டத்தில் மட்கவைக்கும் தும்பூர்முழி முறையில் உரத்தொட்டிகள், மக்காத பொருளை வீடு வீடாக வந்து வாங்க ஹரித கர்ம சேனை என்று முறையே மாறியது. இம்முறை ஓட வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டுக்கும் தகவல் போய்ச் சேர வேண்டும். உரவாளியில் புழு வந்தால் என்ன செய்வது? பழைய செருப்பையும் கண்ணாடிப் புட்டியையும் எந்த மாதம் எடுப்பார்கள்? கொடுக்கிற கட்டணத்துக்கு ரசீது உண்டா? இதையெல்லாம் ஒரே தாளில் அச்சிட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டும்படி கொடுத்தால், அந்த ஒரு தாள் பத்துப் பாராட்டுக் கட்டுரைகளைவிட மேல் என்பேன்.

தகவல் தருவது மாநகராட்சியின் பெருந்தன்மையும் அல்ல. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன் நான்காம் பிரிவு, யாரும் மனுப் போடாமலேயே அரசு அமைப்புகள் தாமாக வெளியிட வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது: வரவுசெலவு, அதிகாரிகளின் பொறுப்புகள், மானியம் பெறுவோர் விவரம் எனப் பல. அப்படி வெளியிடும்போது செலவு, உள்ளூர் மொழி, அந்தப் பகுதியில் எந்த வழியில் சொன்னால் மக்களைச் சென்றடையும் என்ற மூன்றையும் பார்க்கவும் அதே பிரிவு சொல்கிறது. இணையத்தில் ஏற்றிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எந்த அலுவலகமும் இருந்துவிட முடியாது. கைப்பேசியில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் முதியவருக்கு அச்சுத்தாள்தான் உதவும்.

இதில் ஆபத்தும் உண்டு. பொதுப் பணத்தில் வரும் தாள் மெல்ல மெல்ல ஆளும் கட்சியின் புகழ் ஏடாகிவிடும். எந்தக் கட்சி வந்தாலும் இந்த இழுப்பு இருக்கும். இதற்குக் கடிவாளம் போட்டதில் இந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. திருவனந்தபுரத்தில் பிறந்த சட்டக் கல்வியாளர் என். ஆர். மாதவ மேனன் தலைமையில் 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைத்தது. அதன் பரிந்துரைகளை ஒட்டி 2015 மே மாதம் அரசு விளம்பரங்களுக்கு நெறிமுறைகள் வந்தன. விளம்பரம் அரசின் கடமையோடு தொடர்புடையதாக, நடுநிலையாக, செலவுக்கு ஏற்ற பயனுள்ளதாக இருக்க வேண்டும்; ஆளும் கட்சியின் நலனை வளர்க்கக் கூடாது. படம் போடக் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோருக்கு மட்டுமே முதலில் அனுமதி. 2016-இல் ஆளுநர், முதல்வர், அமைச்சர்களும் சேர்க்கப்பட்டார்கள். மேயர் அந்தப் பட்டியலில் இல்லை. இது விளம்பரங்களுக்கான விதிதான். ஆனால் மடலும் அதே பணத்தில்தான் வருகிறது. அதே அளவுகோலை வைப்பதே நியாயம்.

இங்கிலாந்தில் இன்னும் கண்டிப்பு. உள்ளாட்சி மடல்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது என்று 2011-இல் அங்கே நெறிமுறை வகுத்தார்கள். லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ், கிரீனிச் உள்ளாட்சிகள் வாரப் பத்திரிகையே நடத்திவந்தன. இரண்டும் 2016-இல் நின்றன. உள்ளூர்ப் பத்திரிகைகளின் விளம்பர வருமானத்தை வரிப்பணம் விழுங்கக் கூடாது என்பதே காரணம். நம்மூருக்கு அந்தக் கால அளவு அப்படியே பொருந்துமா என்பது வேறு பேச்சு. ஆனால் எதிர்க்கட்சிக் கவுன்சிலரின் கேள்விக்கும் அதற்கு வந்த பதிலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவதை இங்கே கட்டாயமாக்கலாம்.

தமிழர்களாகிய நமக்கு மொழி விஷயம் முக்கியம். கரமனை, வலியசாலை, கோட்டை, சாலைக்கடைப் பக்கமெல்லாம் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. மலையாளம் பேசத் தெரிந்தாலும் படிக்கத் தெரியாத பாட்டிகள் எத்தனையோ வீடுகளில் உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் மாநகராட்சியைப் பெயர் சொல்லவில்லை. இருந்தும், அரசே ஏற்றுக்கொண்ட மொழியில் குப்பை நாட்காட்டியையும் வரித் தேதிகளையும் இரண்டு பக்கம் அச்சிடுவது மாநகராட்சிக்குப் பாரமாகிவிடாது. வார்டு சபையில் எழுந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது.

அதே தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி கணக்கும் கேட்கலாம். ஒரு மடலுக்கு எத்தனை பிரதி அச்சடித்தார்கள், பிரதிக்கு என்ன செலவு, அச்சகத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பிரதி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்; வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், பிறகு மாநிலத் தகவல் ஆணையத்திடமும் போகலாம்.