பூட்டான்: மக்கள், அரசு, பொருளாதாரம்

பூட்டான் கிழக்கு இமயமலையில், இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே அமைந்துள்ள சிறிய முடியரசு நாடாகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 38,400 சதுர கிலோமீட்டர். தலைநகரம் திம்பு. நூறாண்டுகள் முழு மன்னராட்சியில் இருந்த இந்நாடு, மன்னரின் முயற்சியாலேயே 2008 இல் மக்களாட்சிக்கு மாறியது.

மக்கள்

2005 கணக்கெடுப்புக்கு முன்னர் சில பன்னாட்டு நூல்கள் பூட்டானின் மக்கள்தொகையை 20 இலட்சத்துக்கும் மேல் எனக் குறித்தன. அக்கணக்கெடுப்பின்படி அது சுமார் 6.35 இலட்சமே. 2017 இல் 7,27,145 ஆக இருந்தது.

மேற்கில் ஙாலோப் மக்களும் கிழக்கில் சார்ச்சோப் மக்களும் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். இவர்கள் பெரும்பாலும் பௌத்தர்கள். தெற்கில் நேபாளி மொழி பேசும் லோட்சம்பா மக்கள் வாழ்கின்றனர். இவர்களுள் பலர் இந்துக்கள். ஆட்சிமொழி சோங்கா, பள்ளிகளில் பயிற்றுமொழி ஆங்கிலம்.

1985 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1958 இல் நாட்டில் வசித்ததற்கான சான்றைக் கோரியது. 1988 கணக்கெடுப்பின்போது தெற்கில் இது கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டதால் பலர் குடியுரிமை இழந்தனர். எதிர்ப்பும் அடக்குமுறையும் தொடர்ந்தன. 1990களில் ஒரு இலட்சம் வரையிலான லோட்சம்பா மக்கள் கிழக்கு நேபாளத்தின் ஏதிலிகள் முகாம்களில் தங்கினர். இவர்களில் பெரும்பாலானோர் பின்னர் ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்த்தப்பட்டனர்.

அரசு

1907 இல் உக்யென் வாங்சுக் முதல் மன்னரானார். மூன்றாம் மன்னர் 1953 இல் தேசிய பேரவையை உருவாக்கினார். 1971 இல் பூட்டான் ஐக்கிய நாடுகள் அவையில் இணைந்தது. நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 1998 இல் நிர்வாக அதிகாரத்தை அமைச்சரவையிடம் ஒப்படைத்து, 2006 இல் மகனுக்காக முடிதுறந்தார்.

2008 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின்படி நாடாளுமன்றம் இரு அவைகளைக் கொண்டது. தேசிய பேரவையில் 47 உறுப்பினர்களும், கட்சி சாராத தேசிய மன்றத்தில் 25 உறுப்பினர்களும் உள்ளனர். பேரவைத் தேர்தல் இரு சுற்றுகளாக நடைபெறும். முதற் சுற்றில் முன்னணி பெறும் இரு கட்சிகளே இரண்டாம் சுற்றில் போட்டியிடும். மன்னர் 65 வயதில் பதவி விலக வேண்டும். நாடாளுமன்றத் தீர்மானத்தாலும் பொதுவாக்கெடுப்பாலும் அவரை நீக்கவும் முடியும்.

பொருளாதாரம்

மலைப்பாங்கான நிலமாதலால் விளைநிலம் மிகக் குறைவு. ஆயினும் மக்களில் பெரும் பகுதியினர் வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் சார்ந்துள்ளனர். நெல், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, ஏலக்காய், ஆரஞ்சு ஆகியன முக்கிய விளைபொருட்கள்.

அரசின் வருவாயில் நீர்மின்சாரம் முதன்மையானது. செங்குத்தாகப் பாயும் ஆறுகளில் சுக்கா (336 மெகாவாட்), தாலா (1,020 மெகாவாட்) முதலிய நிலையங்கள் இந்திய நிதியுதவியுடன் கட்டப்பட்டன. மின்சாரத்தின் பெரும் பகுதியை இந்தியாவே வாங்குகிறது. குளிர்காலத்தில் ஆற்று நீர் குறைவதால் அண்மை ஆண்டுகளில் பூட்டான் இந்தியாவிடமிருந்து மின்சாரம் வாங்கவும் நேர்ந்துள்ளது. நாணயமான நுல்ட்ரமும் இந்திய ரூபாயும் சம மதிப்புடையவை.

வளர்ச்சியை அளக்க 'மொத்த தேசிய மகிழ்ச்சி' என்னும் கருத்தை நான்காம் மன்னர் முன்வைத்தார். நிலப்பரப்பில் 60 விழுக்காடு என்றும் காடாக இருக்க வேண்டும் என்பதும் அரசியலமைப்பு விதியாகும். 2023 இல் பூட்டான் மிகவும் வளர்ச்சி குறைந்த நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறியது. எனினும் வேலைவாய்ப்புக் குறைவால் படித்த இளைஞர் பலர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் செல்கின்றனர். மக்கள்தொகை மிகச் சிறியதாதலால் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இந்த இழப்பை உடனடியாக உணர்கின்றன.