88 விநாடியில் முடிந்த உலக சாம்பியன் போட்டி!

"மல்யுத்தமா? எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம், அடியும் பொய்" என்று மாட்டுங்காவிலோ செம்பூரிலோ யாராவது சொன்னால், அவரைக் கையோடு இழுத்துப்போய் ரிங்குக்கு அடியில் காட்ட வேண்டும்போல எனக்குத் துறுதுறுக்கும். வாங்க, நீங்களும் கொஞ்சம் குனியுங்கள்! டிவியில் மெத்தைபோலத் தெரிகிறதே, அந்தத் தரை என்ன தெரியுமா? இரும்புச் சட்டம், மேலே பலகை, அதற்குமேல் மெல்லிசாக நுரை, எல்லாவற்றையும் இழுத்து மூடிய கேன்வாஸ். அவ்வளவுதான்! நூறு கிலோ உடம்பு இதில்தான் மல்லாக்க விழுகிறது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் படும்படி விழ வேண்டும். தலை முந்தினால் போச்சு.

இன்னொரு ரகசியம். ஆளைத் தலைக்குமேல் தூக்குகிறவருக்கு நாம் விசிலடிக்கிறோம். தூக்கப்படுகிறவரும் சரியான நொடியில் எம்பிக் கொடுக்கிறார்! தலைகீழாகத் தொங்கும்போது அவர் கழுத்து முழுக்க 'எதிரி'யின் பொறுப்பில். கிடுக்கிப்பிடியில் கிடக்கும்போது ஒருவர் மற்றவர் கையை லேசாக அழுத்துவார். நல்லா இருக்கியா என்று அர்த்தம். திருப்பி ஓர் அழுத்தம் வர வேண்டும். நிஜமாகவே அடிபட்டால் ரெஃபரி இரு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறிபோல உயர்த்துவார். அதற்குமேல் கதை கிடையாது, டாக்டர்தான்.

இதையெல்லாம் மும்பைக்காரருக்கு விளக்கவே வேண்டாம். கோகுலாஷ்டமிக்கு மறுநாள் உறியடிக்கும் மனிதக் கோபுரத்தைப் பார்த்தவர்கள் நாம். கீழ் வரிசையில் ஒருவர் கால் தள்ளாடினால் உச்சியில் இருக்கும் பிள்ளையின் கதி என்ன? 2014-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் 20 அடிக்குமேல் கூடாது, 18 வயதுக்குக் கீழ் கூடாது என்றது அந்தக் கவலையில்தான். 2017-இல் உயர வரம்பு போனது, வயது 14 ஆனது.

இப்போது திரைச்சீலைக்குப் பின்னால் வாங்க. வீரர் மேடைக்குப் போகுமுன் கடைசியாக நிற்கும் இடத்துக்குப் பெயர் 'கொரில்லா பொசிஷன்'! அங்கேயே நின்று ஆட்டங்களைக் கவனித்த பழைய மல்யுத்த வீரர் கொரில்லா மான்சூனின் பெயர் அது.

அங்கே யாரும் தடுக்காவிட்டால் என்ன ஆகும்? 2011 மார்ச் 13, ஆர்லாண்டோ. டோட்டல் நான்ஸ்டாப் ஆக்‌ஷன் என்ற மல்யுத்தக் கம்பெனியின் 'விக்டரி ரோடு' நிகழ்ச்சியின் கடைசி ஆட்டம். சாம்பியன் ஸ்டிங், எதிரே ஜெஃப் ஹார்டி. ஹார்டி நடந்து வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, ஆள் நிதானத்தில் இல்லை. கம்பெனி நிர்வாகி எரிக் பிஷாஃப் கதையின் ஒரு பகுதிபோல ரிங்குக்கே வந்து பேசிவிட்டுப் போனார். பிறகு ஸ்டிங் செய்ததை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். தன் முத்திரைப் பிடியைப் போட்டு, ஹார்டி தோளைத் தூக்க முயன்றும் விடாமல் அழுத்தி, மூன்று எண்ணவைத்து முடித்துவிட்டார். 88 விநாடி! காசு கொடுத்தவர்கள் கூச்சலிட்டார்கள். ஸ்டிங்கும் அதை ஆமோதித்துவிட்டுப் போனார். அவர் வாழ்க்கையின் ஆகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று இதுதான் என்பேன். இரண்டு கழுத்துகள் தப்பின.

ஆனால் என் கோபம் ஹார்டியோடு நிற்கவில்லை. போதைக்கு அடிமையானவருக்குத் தேவை சிகிச்சை. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் அவரை வெளியே விட்டார்களே, அதுதான் மன்னிக்க முடியாதது. மல்யுத்த வீரர் எடி கெரேரோ 2005 நவம்பரில் 38 வயதில் இறந்த பிறகுதான், 2006-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தக் கம்பெனி புதிய போதைப் பரிசோதனைத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

ஹார்டி அதே 2011 செப்டம்பரில் திரும்பிவந்து ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஹார்டியின் கம்பெனி டிசம்பரில் நம் புனே பாலேவாடிக்கு வந்து 'ரிங் கா கிங்' மல்யுத்தத் தொடரைப் படம்பிடித்தது. கலர்ஸ் சேனலில் 2012-இல் பார்த்திருப்பீர்கள். இனி தாராவியிலோ தாதரிலோ யார் ரிங் போட்டாலும் முதலில் ஒன்று கேளுங்கள்: திரைச்சீலை அருகே ஒரு டாக்டர் இருக்கிறாரா? டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகும் "இன்று இவர் போகக் கூடாது" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கிறதா?