கணையத்திலும் கொழுப்பா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் 19 வருஷமாக லேத் ஓட்டுகிறேன். ஆள் ஒல்லிதான், வயிறு மட்டும் பெல்ட்டுக்கு மேல் தள்ளியிருக்கும். வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தபோது, திரையில் வெளுப்பாக ஒரு பட்டையைக் காட்டினார் டாக்டர். “இதுதான் கணையம். இவ்வளவு வெள்ளையாத் தெரியக் கூடாது. கொழுப்பு படிஞ்சிருக்கு.”

என் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஷிப்டுக்கு 5 டீ, டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை. அதுவே சுமார் 40 கிராம். இரவு 11 மணிக்கு ஆவடியில் இறங்கினால் பரோட்டா, சால்னா. கை ஈரம் காய்வதற்குள் படுக்கை.

செலவாகாத சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது. தோலுக்கடியில் இடம் போதாவிட்டால் அது கணையத்திலும் தங்குகிறது. இன்சுலின் சுரக்கும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒல்லியாக இருந்தும் நமக்குச் சர்க்கரை நோய் வர இதுவும் ஒரு காரணம். மதுவும் புகையும் இதற்குத் துணைபோகின்றன.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழு 11 சர்க்கரை நோயாளிகளுக்கு 8 வாரம், தினம் 600 கலோரி அளவில் உணவு கொடுத்தது. 2011இல் வெளியான அந்த ஆய்வில், கணையக் கொழுப்பு 8 சதவீதத்திலிருந்து 6.2 ஆக இறங்கியது. இன்சுலின் சுரப்பும் மீண்டது. அது கண்காணிப்பில் நடந்தது. நாமாக அப்படிப் பட்டினி கிடக்கக் கூடாது.

இப்போது சர்க்கரை போடாத 2 டீதான். ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துப்போய் 8 மணிக்கே முடித்துவிடுகிறேன். காலையில் பருத்திப்பட்டு ஏரி நடைபாதையில் மனைவியும் கூட வருகிறாள்.