சேறு படிந்த சேலை, சிரிக்கும் ‘சேக்குட்டி’: ஆடை வடிவமைப்பில் கூட்டு முயற்சி யாருக்குப் பயன்?

கொச்சி: ஆடை வடிவமைப்பாளர் ஒருவரும் வேறொரு வணிகப் பெயரும் கைகோத்துப் புதிய தொகுப்பை வெளியிடுவது இன்று ஆடைச் சந்தையில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு கைகோக்கும் மறுதரப்பு ஒரு நிறுவனமாக இல்லாமல், ஒரு நெசவுக் கிராமமாக இருந்தால் என்ன நிகழும் என்பதற்குக் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு உள்ளது.

கூட்டுத் தொகுப்பு என்றால் என்ன?

இரு தரப்பினர் தத்தம் பெயர், திறன், வாடிக்கையாளர்கள் ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒரு பொருளை உருவாக்கி விற்பதே கூட்டுத் தொகுப்பு எனப்படுகிறது. 2004-ஆம் ஆண்டில் பிரபல வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்டும் ஸ்வீடனின் எச் அண்ட் எம் நிறுவனமும் இணைந்து வெளியிட்ட தொகுப்பு, இந்த முறையை உலகெங்கும் பரவலாக்கியது. வடிவமைப்பாளருக்குப் புதிய வாடிக்கையாளர்கள் கிடைக்கின்றனர். நிறுவனத்துக்கு மதிப்பு கூடுகிறது.

வெள்ளம் கொண்டுசென்ற ஓணம் சந்தை

கொள்கலன் முனையம் அமைந்துள்ள வல்லார்பாடம் தீவுக்கு வடக்கே, அதே மாவட்டத்தின் வடக்கு பரவூர் அருகே உள்ளது சேந்தமங்கலம். நாமக்கல் மாவட்டத்தில் இதே பெயரில் உள்ள ஊர் வேறு. முற்காலத்தில் பாலியம் குடும்பத்தினரின் ஆதரவில் இங்கு வளர்ந்த கைத்தறி நெசவு, மெல்லிய பருத்தி வேட்டிகளுக்கும் முண்டுகளுக்கும் பெயர் பெற்றது. இவற்றுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது. இக்குறியீடு தனியொருவருக்குரிய வணிகப் பெயர் அன்று. அப்பகுதியின் உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் உரிய பொதுப் பெயராகும்.

2018 ஆகஸ்ட் மாதம் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளம் இங்குள்ள தறிக்கூடங்களையும் மூழ்கடித்தது. ஓணம் பண்டிகை விற்பனைக்காக நெய்து அடுக்கி வைத்திருந்த சேலைகளும் வேட்டிகளும் சேற்றில் ஊறின. கேரளக் கைத்தறிக்கு ஆண்டின் மிகப் பெரிய விற்பனைக் காலம் ஓணம் என்பதால், சரக்குடன் நெசவாளர்களின் அவ்வாண்டு வருவாயும் கைநழுவியது. கறை படிந்த துணியை எந்தக் கடையும் வாங்காது என்ற நிலையில், அவற்றை அழிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஒரு சேலை, 360 பொம்மைகள்

இந்நிலையில்தான் கேரளத்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் லட்சுமி மேனனும், சுற்றுலாத் துறையில் பணியாற்றிவந்த கோபிநாத் பாரயிலும் அந்தத் துணிகளைக் கொண்டு சிறு பொம்மைகள் செய்யும் யோசனையை முன்வைத்தனர். சேலைகள் குளோரின் கொண்டு கிருமி நீக்கப்பட்டு, கொதிநீரில் சுத்தம் செய்யப்பட்டன. பின்னர் சிறு துண்டுகளாக வெட்டி, சுருட்டி, முடிச்சிட்டு, முகம் வரையப்பட்டது. போகாத கறைகள் மறைக்கப்படவில்லை. வெள்ளத்திலிருந்து மீண்டதன் அடையாளமாக அவை பொம்மையின் மீதே விடப்பட்டன.

அதற்குச் சூட்டப்பட்ட பெயர் ‘சேக்குட்டி’. சேந்தமங்கலத்தின் குட்டி என்பது ஒரு பொருள். சேற்றிலிருந்து மீண்ட குழந்தை என்பது மற்றொரு பொருள். சேறு என்ற சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது என்பதால், தமிழ் வாசகர்களுக்கும் இப்பெயர் எளிதில் விளங்கும்.

இதன் கணக்கு எளிமையானது. சுமார் 1,300 முதல் 1,500 ரூபாய் வரை விலைபோகக்கூடிய ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள் கிடைத்தன. ஒரு பொம்மையின் விலை 25 ரூபாய். ஆக, விற்கவே முடியாது எனக் கருதப்பட்ட சேலை 9,000 ரூபாய் ஈட்டித் தரும் நிலை உருவானது. மாணவர்கள், அலுவலகப் பணியாளர்கள், இல்லத்தரசிகள் எனத் தன்னார்வலர்கள் பலர் குழுக்களாக அமர்ந்து பொம்மைகளைச் செய்துகொடுத்தனர். துயரத்தில் தொடங்கிய பணி, பல இடங்களில் கூடிச் சிரித்துச் செய்யும் கொண்டாட்டமாகவே மாறியது. விற்பனைத் தொகை நெசவாளர்களின் மறுவாழ்வுக்குச் சென்றது.

கேள்விக்குள்ளான மற்றொரு கூட்டு

எல்லாக் கூட்டு முயற்சிகளும் இவ்வாறு அமைவதில்லை. 2021 ஆகஸ்டில் இந்திய வடிவமைப்பாளர் சப்யசாச்சி முகர்ஜியும் எச் அண்ட் எம் நிறுவனமும் இணைந்து வெளியிட்ட தொகுப்பு மிகக் குறுகிய நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. இந்தியக் கைவினை மரபைச் சுட்டும் அந்த ஆடைகளின் தயாரிப்பில் கைவினைஞர்களுக்கு இடமளிக்கப்படவில்லை என்று கைவினை அமைப்புகள் பல, திறந்த கடிதம் வாயிலாக வருத்தம் தெரிவித்தன. இந்திய வடிவமைப்பை உலக அரங்குக்குக் கொண்டுசெல்வதே தமது நோக்கம் என்று சப்யசாச்சி விளக்கமளித்தார்.

இந்த விவாதம் எழுப்பிய அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இரு பெயர்கள் சேரும்போது, பொருளைக் கையால் உருவாக்கும் மரபுக்குச் சொந்தக்காரரான மூன்றாம் தரப்புக்கு என்ன கிடைக்கிறது?

பரிவுக்குப் பின் தொடரும் தேவை

சேக்குட்டி அளித்தது அவசரகால உதவி. வெள்ளச் சேலைகள் தீர்ந்தபின் தறி தொடர்ந்து ஓட வேண்டுமானால், புதிய துணிக்கு வாங்குவோர் தேவை. அந்தப் பணியில் கொச்சி வடிவமைப்பாளர் ஸ்ரீஜித் ஜீவன் தமது ‘ரௌக்கா’ ஆடை நிறுவனத்தின் வாயிலாகச் சேந்தமங்கலம் நெசவாளர்களுடன் இணைந்தார். ‘சேவ் த லூம்’ என்ற அமைப்பும் பழுதடைந்த தறிகளைச் சீரமைப்பதில் பங்கேற்றதுடன், வழக்கறிஞர்களுக்கான கைத்தறி ஆடைகள் போன்ற புதிய தேவைகளையும் உருவாக்க முயன்றது. பரிவால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். தேவைக்காக வாங்குபவர் மீண்டும் வருவார் என்பதே இம்முயற்சிகளின் அடிப்படை.

எனவே, ‘கூட்டுத் தயாரிப்பு’ என்ற அறிவிப்புடன் ஓர் ஆடை விற்பனைக்கு வரும்போது, அதில் எந்த இரு பெயர்கள் உள்ளன என்பதுடன், அதை நெய்தவர் யார், அவருடைய பெயரும் ஊரும் குறிப்பிடப்பட்டுள்ளனவா, விலையில் அவருக்கு எவ்வளவு சேர்கிறது என்பதையும் வாடிக்கையாளர்கள் கேட்டறியலாம். சேந்தமங்கலத்தின் 25 ரூபாய் பொம்மை இந்தக் கேள்விகள் அனைத்துக்கும் வெளிப்படையான விடை வைத்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.