நாற்று நடும் ஆயாவை வகுப்பறைக்கு அழைப்போம்

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தேன். “நாம சாப்பிடுற அரிசி எங்கேருந்து வருது?” என்று கேட்டேன். “ரேஷன் கடை”, “அண்ணாச்சி கடை” என்று பதில்கள் வந்தன. பின்வரிசைச் சிறுமி ஒருத்தி வாய் திறக்கவில்லை. மணி அடித்த பிறகு அருகில் வந்து, “எங்க ஆயா மதுராந்தகத்துப் பக்கம் நாத்து நடுவாங்க மிஸ்” என்றாள். வகுப்பில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா, ஊர்ல எந்தத் தெருன்னு கேப்பாங்க” என்றாள்.

சென்னையின் கட்டணப் பள்ளிகள் இப்போது மாணவர்களைப் பண்ணைகளுக்கு அழைத்துச் செல்கின்றன. பிள்ளைகள் சேற்றில் இறங்கி நாலு நாற்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால், அங்கே உழவர் என்று அறிமுகமாகிறவர் பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர். நாள் முழுக்கக் குனிந்து நடுகிற பெண்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒரு பிள்ளைக்குச் சுற்றுலாவாக இருக்கும் அதே வயல், இன்னொரு பிள்ளைக்கு மறைக்க வேண்டிய அடையாளமாக இருக்கிறது.

பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதைச் சென்னை முன்பே உணர்ந்திருக்கிறது. 1894இல் தலித் பிள்ளைகளுக்காக அடையாறில் இலவசப் பள்ளியைத் தொடங்கினார் கர்னல் ஆல்காட். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கியது. அவர் பெயரைத் தாங்கும் தியாகராய நகரே, வயல்களுக்கு நீர் தந்த மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான்.

இன்று நமக்கு அருகில் இருக்கும் வயல்வெளி செங்கல்பட்டு. அந்த மண்ணுக்கும் நமக்கும் உள்ள கணக்கு இன்னும் தீரவில்லை. அங்கு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், 1891இல் பறையர் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892இல் பிறந்தவை பஞ்சமி நிலங்கள். பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இருந்தும் அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போனது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் துறந்தார்கள். இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலத்தில் 10 விழுக்காடுகூட அவர்களிடம் இல்லை.

இதைச் சரிசெய்யப் பள்ளிச் சமையலறை ஒரு வழியாகலாம். பிரேசில் 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடமே பொருள் வாங்க வேண்டும் என்று அது அன்று விதித்தது. அதிலும் நிலச் சீர்திருத்தக் குடியிருப்புகள், பழங்குடிகள், அடிமைத்தளையிலிருந்து தப்பியோடி ஊர் அமைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் ஆகியோருக்கு முன்னுரிமை தந்தது.

நம்மிடமும் இரண்டு திட்டங்கள் தனித்தனியே நிற்கின்றன. ஒன்று, 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம். மற்றொன்று, தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம். நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் தொழிலாளர்கள் நிலம் வாங்க, 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. நிலம் வாங்கிய பெண்ணுக்கு விளைச்சலை விற்க நிலையான இடம் வேண்டும். பள்ளிச் சமையலறைக்குத் தினமும் கீரையும் காய்கறியும் சிறுதானியமும் வேண்டும். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களில் மட்டுமாவது இந்த இரண்டையும் மாநகராட்சி இணைத்துப் பார்க்கட்டும். மகளிர் குழுக்களோடு பருவத்துக்கு ஒருமுறை விலை பேசி ஒப்பந்தம் போடலாம். பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் அதைக் கண்காணிக்கலாம்.

பிள்ளைகள் வயலுக்குப் போகும்போது, பாடம் நடத்த வேண்டியவர்கள் அந்தப் பெண்கள்தான். அதற்கு மதிப்பூதியமும் தர வேண்டும். விதைநேர்த்தி, களையெடுப்பு, மடை திருப்புவது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

கொள்முதலோடு இது முடிந்துவிடாது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், தலித் பெண் சமைத்தார் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைக் காலை உணவு உண்ண விடவில்லை. ஆட்சியர் நேரில் போய்ச் சாப்பிட வேண்டியிருந்தது. விளைவித்த கையையும் சமைத்த கையையும் மதிக்கக் கற்றுத்தராத உணவுத் திட்டம் வயிற்றை மட்டும்தான் நிரப்பும்.

அடுத்த நடவுக்கு முன் அந்தச் சிறுமியின் ஆயாவை ஒரு நாள் வகுப்புக்கு அழைக்க வேண்டும் என்று பள்ளியில் கேட்டிருக்கிறேன். ஊரில் எந்தத் தெரு என்ற கேள்வி அன்று எழுந்தால், அவரே பதில் சொல்லட்டும். பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும்.