அவலாஞ்சியில் ஒரு சீமை மீன்

நீலகிரியின் உச்சி ஓடைகளில் முன்பு இருந்ததெல்லாம் பொடிமீன்கள்தாம். ஊட்டியில் குடியேறிய துரைமாரின் தூண்டிலுக்கு அவை எந்த மூலைக்கு? சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே, 1863இல் சீமையிலிருந்து டிரவுட் என்ற குளிர்நீர் மீனின் முட்டை தருவிக்க முயன்றார், பலிக்கவில்லை. வெயில் கடலைத் தாண்டி மீன்முட்டையை உயிரோடு கொண்டுவருவது லேசான காரியமா என்ன! நாற்பது வருடம் கழித்து எச்.சி. வில்சன் என்பவரின் கைக்குத்தான் அது வசப்பட்டது. 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் வந்தது. வானவில் டிரவுட் இந்த மலையில் வேர்பிடித்தது.

அதன்பின் மீன்பிடிப்பு துரைமாரின் ராஜ்ஜியம். 1879இலேயே வேட்டைக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் போட்டுவைத்தவர்கள் அவர்கள். இறகைக் கட்டிப் பூச்சிபோலச் செய்த தூண்டிலை ஓடும் நீரில் மிதக்கவிட்டுக் காத்திருப்பார்கள். பசிக்கு மீன் பிடிக்கிறவன் இப்படியா பிடிப்பான்?

குந்தா மின்திட்டம் வந்து, 1960களில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி எல்லாம் அணைகளாயின. கனடா உதவியோடு கட்டியவை. மின்சாரம் கிடைத்தது, ஓடை ஏரியானது. டிரவுட் முட்டையிடக் கூழாங்கல்லும் குளிர்ந்த ஓட்டமும் வேண்டும். தேங்கிய நீர் கெண்டைக்குத்தான் தோது. இலங்கையிலிருந்து 1939இல் ஊட்டிக்கு வந்த கண்ணாடிக் கெண்டைக்கு அப்படிப்பட்ட நீரில் ஒரு குறையுமில்லை.

இன்று டிரவுட்டுக்குப் பெரிய துணை பொரிப்பகம்தான். குளிர்காலத்தில் சினைமீனை ஈரக்கையால் பிடித்து, வயிற்றை மெல்ல நீவினால் ஆரஞ்சு நிற முட்டைகள் தட்டில் கொட்டும். அதன்மேல் ஆண்மீனின் விந்தைப் பீய்ச்சி, இறகால் கலந்து, ஓடும் தண்ணீரில் வைக்கிறார்கள். பொரிக்க ஒரு மாதம் ஆகலாம். தண்ணீர் சற்றுச் சூடேறினாலும் முட்டை வீணாகும்.

தூண்டில் மட்டும் ஒதுங்கிவிட்டது. பக்கத்து முக்கூர்த்தி மலைப்பகுதி 1990இல் தேசியப் பூங்காவானது. அங்கே மீன்பிடிக்க வழியில்லை. அவலாஞ்சிக்குப் போகிறவர்கள் வனத்துறை வண்டியில் ஏறி, ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. டிரவுட் பூச்சியையும் சிறு மீனையும் தின்று வளரும் வந்தேறி. அது நுழையாத ஓடைகளில் இனியும் அதைக் கொண்டுபோய் விட வேண்டாம். நூறு வயது தாண்டிய பொரிப்பகத்தைப் பழுது பார்த்துக் காப்பாற்றினால் போதும்.